அரைக் கிண்ணப் பால்

அரிசி மில்காரர் ஒரு பூனையைக் காலையில் மட்டும் வேலைக்கு வைத்திருந்தார். எதிர்ச் சாரியில் இருந்த மளிகைக் கடைக்காரர் அதே பூனையை மாலைக்கு வைத்துக்கொண்டார். அரை நாள் ஆள்தானே என்று இருவரும் அரைக் கிண்ணம்தான் பால் ஊற்றினார்கள். போகப் போக அதிலும் தண்ணீர் கூடியது. ஒருநாள் பூனையின் காலில் ஆணி குத்தியது. மருந்து கேட்டால், "அந்தப் பக்கம் போய்க் கேள்" என்று இருவருமே கையைக் காட்டினார்கள்.

கால் தானாக ஆறியதும், பூனை காலையில் மில் எலிகளைக் கடைக்கு விரட்டியது. மாலையில் அவற்றையே திரும்ப மில்லுக்கு விரட்டியது.

ஓடிக் களைத்த எலி ஒன்று, "ஏன்க்கா, கடிக்கவே மாட்டேங்கிறே?" என்று கேட்டது.

"பேசாம ஓடு. உன்னை நம்பித்தான் எனக்கு ரெண்டு வேலை" என்றது பூனை.

இரண்டு பக்கமும் மூட்டைகள் ஓட்டையாகி அரிசி கொட்டியது. முதலாளிகள் இருவரும் சேர்ந்தே வந்து நின்றார்கள்.

"ஒரு எலியைக்கூடக் கொல்லலையே நீ?"

பூனை நிதானமாக மீசையைத் துடைத்துக்கொண்டது.

"கொல்றது முழு நாள் வேலைங்க. நீங்க ஊத்துற பாலுக்கு விரட்டத்தான் கட்டுப்படியாகும்."