மிதித்தால் எரியும் விளக்கு

"ஓசிச் சவாரி கிடையாது, மிதிச்சாத்தான் லைட்டு எரியும்," என்று சொல்லித்தான், தன் சைக்கிளோடு கோத்து இழுத்துப்போகும் மகளின் குட்டிச் சைக்கிளில் எலக்ட்ரீஷியன் அந்தச் சிவப்பு விளக்கை மாட்டினார். ஒரு மாலை அவள் கால் ஓய்ந்துபோய் மிதிப்பதை நிறுத்தினாள். பின்னால் வந்த லாரிக்காரர் கண்ணில் அவள் படவில்லை. மிஞ்சியது சைக்கிள்தான்.

ஒரு மாதமாக அதைக் காலியாகவே இழுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார். கழற்றச் சொல்லிச் சொல்லி மனைவிக்கும் அலுத்துவிட்டது.

இன்று மாலை சிக்னலில் நின்றபோது, பின்னாலிருந்த பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"உங்க பின்னாடி லைட்டு நல்லா பளிச்சுன்னு தெரியுது சார்."

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி நின்றிருந்தும் பின்னால் பெடல் சுற்றும் சத்தம் கேட்டது.

"மிதிச்சது போதும்டா கண்ணு, இறங்கிக்கோ," என்றார்.

பெடல் இன்னும் வேகமாகச் சுற்றியது.