தார்ப்பாய்க்குப் பின்னால்

“உங்க கிட்டார் வயரைப் பிடுங்கிட்டேன், அண்ணி. இனிமே இஷ்டத்துக்குத் தட்டுங்க. எவன் காதும் கெடாது.”

இலுங்கா சொன்னதும் பேண்டு ஆட்கள் சிரித்தார்கள். மிசெங்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மடியில் இருந்தது செத்துப்போன புருஷனின் கிட்டார். லாரி கவிழ்ந்து கட்டெண்டே இறந்து முப்பது நாள். அடக்கம் முடிந்த மறுநாளே அவன் வீட்டு ஆட்கள் வந்து கட்டிலையும் தையல் மெஷினையும் தூக்கிப் போனார்கள். செத்தவன் பொருள் அவன் பிறந்த வீட்டுக்கு. கனங்கா ஊரில் யார் வீட்டில் இது நடக்கவில்லை?

கிட்டாரில் கை வைத்தபோது மட்டும் அவள் வாசலை மறித்தாள்.

“இதை நான் வாசிப்பேன். பேண்டுல அவர் இடத்துல நான் உட்காருவேன். ரெண்டு பொண்ணுங்களுக்கு வேற எதை வச்சு ஃபுஃபுக் களி கிண்டிப் போடுவேன்?”

கட்டெண்டேயின் பெரியப்பா முலும்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாசிப்பியா? சரி. நாற்பதாம் நாள், துக்கத்துக்குக் கட்டின கறுப்புத் துணி களையற அன்னைக்கு, சொந்தக்காரங்க முன்னாடி வாசி. வாசிச்சா உனக்கு. இல்லேன்னா தம்பிக்கு.”

தம்பி என்றால் இலுங்கா. இப்போது பேண்டுக்கு அவன்தான் தலைவன்.

அன்றிலிருந்து மிசெங்கா பேண்டின் பன்னிரண்டு பாட்டோடும் மல்லுக்கட்டினாள். ஒன்றில் தடுமாறினால் அடுத்ததற்குத் தாவுவாள். அதிலும் தடுமாறுவாள். விரல் நுனியெல்லாம் வெடித்தது. பாட்டு முடிந்து கிட்டார் மட்டும் வேகமெடுத்து ஓடுமே, செபென், அந்த இடம் வந்தால் கை மரத்துப்போகும். நேற்று ஒத்திகை நடுவில் அழுதேவிட்டாள்.

இன்றைக்கு வயரே போய்விட்டது.

எல்லோரும் கிளம்பியதும் இலுங்கா கிட்டே வந்தான்.

“அண்ணன் பதினெட்டு வருஷம் வாசிச்சது பத்து நாள்ல வந்துருமா? ஒரு பாட்டு போதும். அதுலயும் செபென் மட்டும். உங்க பாகத்தை நம்ம கிட்டார்க்காரன் போபே மேடைத் தார்ப்பாய்க்குப் பின்னால உட்கார்ந்து வாசிப்பான். நீங்க முன்னால விரலை ஆட்டுங்க. மூணு கிட்டாரும் ஒரே கிழிஞ்ச ஸ்பீக்கர்லதான் அலறுது. எது யாரோடதுன்னு எவனுக்குத் தெரியப்போகுது?”

“சொந்தக்காரங்களை ஏமாத்தச் சொல்றியா, தம்பி?”

“கிட்டார் வேணுமா, மானம் வேணுமா?”

வீட்டுக்கு வந்து சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரி கையை உதறினாள்.

“அடிப் பைத்தியமே! பாட்டு நடுவுல தார்ப்பாயை விலக்கிக் காட்டப்போறான் பாரு. ‘இவ திருடி’ன்னு சொல்லி கிட்டாரை அவனே எடுத்துக்குவான்.”

மிசெங்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது. வேறு வழிதான் இல்லை.

தினமும் ஒத்திகைக்குப் போனாள். பேண்டின் இரைச்சலில் அவள் கிட்டார் அவளுக்கே கேட்கவில்லை. தப்பினால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாள் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றினாள். அது கைக்கு வந்த பிறகு இன்னும் நாலு. ஏழாம் நாள் கை தானாக ஓடியது. ஊமைக் கிட்டாரில் ஓடி என்ன பயன் என்று மனசு கசந்தது.

நாற்பதாம் நாள். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. முலும்பா முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போபே கிட்டாரோடு தார்ப்பாய்க்குப் பின்னால் போவதை மிசெங்கா பார்த்தாள். பார்வைக்காக ஒரு வயரை இலுங்கா அவள் கிட்டாரில் செருகி, மறுமுனையைத் தார்ப்பாய்க்கடியில் தள்ளினான்.

செபென் தொடங்கியது. ஸ்பீக்கர் அலறியது. பெண்கள் எழுந்து ஆடினார்கள். ஓரிடத்தில் அவள் விரல் வழுக்கியது. நல்லவேளை, நம்முடையது யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அடுத்த சுற்றைப் பிடித்தாள்.

இலுங்கா தார்ப்பாயை விலக்குவான், விலக்குவான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வாசித்தாள். கடைசிவரை அவன் இவள் பக்கமே திரும்பவில்லை.

பாட்டு முடிந்ததும் முலும்பா தொண்டையைச் செருமினார்.

“கட்டெண்டே கை மாதிரி இல்லை. ஆனாலும் தேவலை. கிட்டார் இவகிட்டயே இருக்கட்டும். இவ வீட்டுக் கூரைத் தகரத்தை மட்டும் நாளைக்குக் கழட்டிக்கலாம்.”

எல்லோரும் தலையசைத்தார்கள்.

“தப்பிச்சீங்க, அண்ணி,” என்று முறைத்துவிட்டு இலுங்கா போனான்.

மிசெங்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த போபேயைத் தேடிப் போனாள்.

“அண்ணே, எனக்காக இந்தப் பாவத்தை நீங்க சுமந்துட்டீங்க.”

“எந்தப் பாவம்?”

“என் பாகத்தை வாசிச்சீங்களே.”

போபே வாயிலிருந்த எலும்பை எடுத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் எங்கே வாசிச்சேன்? உங்க வயரோட மறுமுனையை ஸ்பீக்கர்ல செருகச் சொல்லிட்டு, முதல் பாட்டுலயே இலுங்கா என்னைச் சாப்பிட அனுப்பிட்டானே! செபென்ல கேட்டது முழுக்க உங்க கிட்டார்தான், அண்ணி.”