டயருக்குப் பின்னால் எலுமிச்சம்பழம்

புக்கிட் பெருவாங் வீட்டு முகப்பில் காலை வெயில் மஞ்சள் கார்மேல் வழுக்குகிறது. சிம்பாங் அம்பாட் செம்பனைத் தோட்டத்துக் கொட்டகையில் துருவாய்க் கிடந்த இந்த மோரிஸ் மைனருக்குச் சித்தப்பா தகடு தகடாய் வெட்டி ஒட்டி உயிர் கொடுத்திருக்கிறார். இன்று முதல் ஓட்டம். கைபிரேக் கம்பியை மாட்ட இப்போது அடியில் படுத்திருக்கிறார். கால்கள் மட்டும் பின்டயருக்குப் பின்னால், சாலைப்பக்கம் சரியும் தரையில் நீண்டிருக்கின்றன. “நல்ல நேரம் போவுதுலா,” என்கிறார் கமலவேணி சித்தி, கையில் கற்பூரத் தட்டோடு. பின்பக்கமாக எடுக்கும் வண்டி என்பதால் நான்கு டயருக்கும் பின்னால் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார். “இங்க டயருக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் எங்க சித்தி?” என்கிறேன். “பழம் வைக்க எடமில்ல, எடுத்துட்டேன்.” அடியில் ஸ்பானர் கிறீச்சிடுகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் கார் மெல்ல அசைகிறது. பழம் பக்கவாட்டில் பிதுங்குகிறது. நான் பின்னால் ஓடி, டிக்கியில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொள்கிறேன். “சித்தப்பா, கால மடக்குங்க.” “ஒரு நட்டுதான் பாக்கி, இருலா.” சித்தியின் தட்டில் கற்பூரம் படபடக்கிறது. பழத்தோல் வெடித்துப் புளிப்பு வாசனை எழுகிறது. என் உள்ளங்கைகளில் கார் கனக்கத் தொடங்குகிறது.