யார் பேரில் பத்திரம்?

"மாசச் சம்பளம் எவ்வளவு?"

பூர்ணிமா கேட்டது சௌமியாவிடம். பதில் வந்தது பக்கத்து நாற்காலியிலிருந்து.

"பிடிச்சது போக பத்தொம்பதாயிரம் கைக்கு வருது மேடம். ஷூ கம்பெனியில செக்கிங்."

ஆம்பூர் கிளையில் வீட்டுக் கடன் பிரிவுக்கு பூர்ணிமா வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இந்த மாதிரி நிறையப் பார்த்துவிட்டாள். கடன் கேட்கிற பெண் வாயே திறக்க மாட்டாள். கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள்.

"நீங்க யாரு?"

"இவளுக்கு மாமியார். முத்துமாரி."

"வீட்டுக்காரர் வரலையா?"

சௌமியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பையன் தவறிட்டான் மேடம். ரெண்டு வருஷம் ஆவுது. பள்ளிகொண்டா கிட்ட லாரி இடிச்சிடுச்சு." சொன்ன வேகத்தில் அடுத்ததைக் கேட்டாள் முத்துமாரி. "லோன் எப்ப கிடைக்கும்? தை பொறக்கறதுக்குள்ள பத்திரம் முடியணும்."

இருபத்தாறு வயசுப் பெண்ணைக் கடனாளியாக்க இந்த அம்மாவுக்கு என்ன இப்படி ஓர் அவசரம்?

பூர்ணிமா ஃபைலைப் புரட்டினாள். சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல் எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் விற்பனை ஒப்பந்தம். அதைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

"ஒப்பந்தம் உங்க பேர்ல இருக்கே!"

"வீட்டை விக்கிற நசீர் பாய்க்கு அட்வான்ஸ் குடுத்த அன்னிக்கு இவளுக்கு லீவு கிடைக்கல. அதனால என் பேர்ல எழுதிட்டாங்க."

"அப்படின்னா கடன்ல நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடணும்."

"நான் எதுக்கு மேடம்? நான் போட மாட்டேன். கடன் அவ பேர்லயே இருக்கட்டும்."

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. வீடு மாமியாருக்கு. இருபது வருஷத்துக் கடன் மருமகளுக்கு. எவ்வளவு தைரியமாக முகத்துக்கு நேரே சொல்கிறாள்!

"ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி வேணும். எதிர்லயே கடை இருக்கு, எடுத்துட்டு வாங்க."

முத்துமாரியின் தலை மறைந்ததும் மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"என்னை அக்கா மாதிரி நினைச்சுச் சொல்லு. உன்னை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

சௌமியாவின் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது.

"எனக்கு வீடே வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். அத்தை கேக்கவே மாட்டேங்கறாங்க."

இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? ஒரு துண்டுச் சீட்டில் தன் போன் நம்பரை எழுதி அவள் கையில் திணித்தாள் பூர்ணிமா.

"பயப்படாத. நான் பாத்துக்கறேன்."

ஜெராக்ஸோடு திரும்பிய முத்துமாரியிடம் ஃபைலையே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒப்பந்தம் ஒருத்தர் பேர்ல இருந்தா, இன்னொருத்தர் பேர்ல கடன் குடுக்க முடியாது. மாத்தி எழுதி எடுத்துட்டு வாங்க. இவங்க பேர்ல மட்டும்."

அந்த 'மட்டும்' என்பதை நன்றாக அழுத்தினாள். முத்துமாரி ஃபைலை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். இனி இந்தப் பக்கமே வர மாட்டாள். ஒரு பெண்ணைக் காப்பாற்றிய திருப்தியில் பூர்ணிமாவுக்கு அன்று மதியச் சாப்பாடு ருசித்தது.

மூன்றாம் நாள், வங்கி திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றாள் முத்துமாரி. பின்னால் சௌமியா.

புது ஸ்டாம்ப் பேப்பர். சௌமியா பேர் மட்டும்தான் இருந்தது. பூர்ணிமா இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

"கடன் போக மீதிப் பணம்?"

முத்துமாரி தன் பாஸ்புக்கை நீட்டினாள். "தோல் பதனிடற டேனரியில இருவத்திரண்டு வருஷம் வேலை செஞ்ச பி.எஃப். பணம். போன மாசம்தான் கைக்கு வந்துச்சு."

பூர்ணிமாவுக்குக் குழம்பியது. விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டாள்.

"மேனேஜருக்கு அனுப்பிடறேன். பதினஞ்சு நாள்ல ஆயிடும்." மனசு கேட்காமல், "ஏம்மா, கடன் போக மீதிப் பணம் பூரா உங்களது. உங்க பேர் ஒரு இடத்துலயும் இல்ல. நாளைக்கு உங்களுக்கு அந்த வீட்ல என்ன உரிமை இருக்கும்?" என்றாள்.

"நான் அங்க குடி போகவே போறதில்ல மேடம். எனக்கு இப்ப இருக்கற வாடகை வீடு போதும். என் பேரு சேந்தா, நாளைக்கு என் பொண்ணு பங்கு கேட்டு வந்து நிப்பா. இவளுக்கு அது பேஜாரு."

"அப்ப இவங்க தனியாவா இருப்பாங்க?"

"தையில இவளுக்குக் கல்யாணம் மேடம். குடியாத்தத்துப் பையன், எலக்ட்ரீஷியன். நான்தான் பாத்து முடிச்சேன்."

பூர்ணிமா சௌமியாவைப் பார்த்தாள். அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பையன் நல்லவரா?"

"நல்லவன்னுதான் எல்லாரும் சொல்றாங்க." முத்துமாரியின் குரல் இறங்கியது. "என் பையனையும் நல்லவன்னு சொல்லித்தான் இவளைக் கட்டியாந்தேன். வாடகை வீடுதான் மேடம். ஆனா குடிச்சிட்டு வந்தா, 'என் வீட்டை விட்டு வெளிய போடி'ன்னு இவளைத் தெருவுல தள்ளிக் கதவைச் சாத்துவான். நான் உள்ள நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இனிமே எவனாவது அந்த வார்த்தையைச் சொன்னா, 'இது என் வீடு, நீ போடா வெளிய'ன்னு இவ சொல்லணும்."