குளக்கரையில் தர்ஷினி பார்க்காதது

விடிந்தும் விடியாத நேரத்தில் குளக்கரையில் நடந்துகொண்டிருந்த தர்ஷினி சட்டென நின்றாள். கோரைப்புல் ஓரமாய் முக்குளிப்பான் பறவை ஒன்று மிதந்தது. அதன் முதுகுச் சிறகுக்குள்ளிருந்து வரிவரியான இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒன்றை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும், யாரும் கழற்றக்கூடாத அந்தப் பட்டை அவள் கையில் பச்சையாக ஒளிர்ந்து பேசியது. "இதயம் வேகமாகத் துடிக்கிறது. எதைப் பார்த்து மகிழ்ந்தீர்கள்? ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறேன்."

போன மாதம் இதே குளத்தில் தாழைக்கோழிக் கூட்டைப் பார்த்தபோது வெள்ளந்தியாய் அதனிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். ஏழு மணிக்குள் முந்நூறு பேர் கரையில் நின்றார்கள். பறவை கூட்டுக்குத் திரும்பவே இல்லை. முட்டைகளைக் காக்கை தின்றதைப் பார்த்தவளும் அவள்தான்.

இந்தக் குஞ்சுகள் தனியாகப் பிழைக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

"எதையும் பார்க்கல," என்றாள். "காலேஜ்ல கூடப் படிச்ச ஒருத்தன் ஞாபகம் வந்துச்சு. போட்டுக்கோ."

பட்டை போட்டுக்கொண்டது. அவள் வீடு வந்து சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. கணவர் நிதின் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு அவன்?"

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. அவர் மணிக்கட்டுப் பட்டையிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது; அதுவும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத் தெரியாது."

"இந்த வயசுல என்ன ஞாபகம் வேண்டிக் கெடக்கு?"

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துக்குத் தினமும் வரும். நீங்க காபியக் குடிங்க."