மாலை ஆறு பத்து

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்று புதிது. இன்னொன்று, பழைய கம்ப்யூட்டர் செத்தபோது அதிலிருந்து பிடுங்கி இதில் மாட்டியது. ஜோசியரின் பழைய ஜாதகங்கள் அத்தனையும் அதில்தான். மெஷின் கண் விழித்ததும் முதலில் பழையதன் கதவைப் போய்த் தட்டுகிறது. அங்கே பதில் இல்லை. தட்டித் தட்டி அலுத்த பிறகுதான் புதியதிடம் வருகிறது.

அதற்குள் பதினோரு நிமிஷம்.

ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிற ஜோசியர் தில்லைநாயகத்துக்குத் தன் கம்ப்யூட்டரை நல்ல நேரத்தில் திறக்க முடியவில்லை. இன்று திங்கட்கிழமை. ஏழு இருபதுக்குப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். திறந்தபோது ஏழு முப்பத்தொன்று. ராகு காலம் பிறந்து ஒரு நிமிஷம். அது கழியட்டும் என்று காத்திருந்து, ஒன்பதுக்கு மேல் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு போன் செய்து அவளை வரவழைத்தார்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவோடு இதே அறையில் நின்றபோதும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஆயில்யம். மாமியாருக்கு ஆவாது. மாமியார் இல்லாத வூடாப் பாருங்க."

அப்பா மாமியார் இல்லாத வீடு தேடி அலைந்தார்.

ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கு அம்மா இருந்தாள்.

ஏழாவது வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அதற்கப்புறம் ஒருநாள், வேறொரு ஜோசியரின் மெஷினில் இதே ஜாதக மென்பொருளை ஏற்றிக் கொடுத்தாள். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தன் பிறந்த நேரத்தையே போட்டாள். விளக்கு வைக்கிற நேரம், ஆறு பத்து. அதில் மாலை என்று சொல்ல இடமில்லை. பதினெட்டு பத்து என்றுதான் போட வேண்டும்.

போட்டாள். மகம் என்று வந்தது.

அப்பா சீட்டில் எழுதிக் கொடுத்தது மாலை ஆறு பத்து. தில்லைநாயகம் அடித்தது வெறும் ஆறு பத்து. மெஷின் அதைக் காலை என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்குக் காலையில் ஆயில்யம். மத்தியானத்துக்கு மேல் மகம் பிறந்துவிட்டது. அச்சடித்த தாளிலும் ஆறு பத்து என்றே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஊருக்கு இருந்ததே, அது போதாதா?

அன்றைக்கே வந்து சட்டையைப் பிடித்திருக்கலாம். வரவில்லை. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அவளுக்கும் நிற்கத் தெரியும். அவராகவே கூப்பிடட்டும் என்று மூன்று வருஷம் இருந்தாள்.

முதலில் புதிய டிஸ்கைப் பார், பழையது அப்புறம் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நிறுத்தி மறுபடி போட்டாள்.

இருபது விநாடியில் திறந்தது.

"அட! கைராசிக்காரப் பொண்ணும்மா நீ," என்றார் ஜோசியர்.

"ஒரு ஜாதகம் போட்டுப் பாத்துடுவோங்கய்யா."

தேதி, ஊர், நேரம் எல்லாம் அவளே அடித்தாள். பெயரை மட்டும் போடாமல் விட்டாள்.

கட்டம் வந்தது. ஜோசியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு போனவர் முகம் மலர்ந்தது.

"மகம்! மகம் ஜெகத்த ஆளும்பாங்க. போற வூட்டுக்கு வெளக்கும்மா இந்தப் பொண்ணு. மாமியா தலையில தூக்கி வச்சிக்குவா. யாரு இது? எம்மவனுக்கு முப்பத்தாறு ஆவுது, ஒண்ணும் குதிர மாட்டேங்குது. இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்கய்யா."

"ஏன்?"

அவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது.

பழைய டிஸ்கைத் திறந்தாள். பூங்கோதை என்று தேடினாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜாதகத்தை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தாள்.

அதே தேதி. அதே ஊர். நேரம் மட்டும் 06:10. அடியில் அவர் கையாலேயே அடித்த குறிப்பு: மாமியாருக்கு ஆகாது.

ஜோசியர் இந்தக் கட்டத்தைப் பார்த்தார். அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பூங்கோதை நாந்தாங்கய்யா."

அவர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார்.

பழைய டிஸ்கில் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் ஜாதகங்கள் இருந்தன. அவர் கண் அந்தப் பெயர்களில் இறங்கிக்கொண்டே போனது. அதில் சாயங்காலம் பிறந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு இப்படி அடித்துத் தொலைத்தோம் என்பது அவருக்கே தெரியாது.

"இந்தப் பழசக் கழட்டிடும்மா." குரல் இறங்கிப் போயிருந்தது. "அதாலதான லேட்டாவுது?"

"இனிமே ஆவாதுங்கய்யா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மூடியைப் பொருத்தி, திருகாணிகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் முடுக்கினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெளியே பெஞ்சில் ஒரு தகப்பனும் மகளும் காத்திருந்தார்கள்.

"உள்ள போங்கண்ணே," என்றாள். "பொறந்த நேரம் சொல்றப்ப, காலையா சாயங்காலமான்னு அழுத்திச் சொல்லுங்க."

உள்ளே கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.