ஆசாரியன் தின்ற கடைசி அப்பம்

அப்பக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்னேறினாள் மாக்காள். ஆசாரியன் தலையில் அபிஷேக எண்ணெய் ஊற்றும் கொம்பு இன்னும் கவிழவில்லை. நல்லவேளை!

பலிபீடத்தருகே வெள்ளை அங்கியில் நின்றான் இம்மேர். இன்னும் சற்று நேரத்தில் அவன் தலைமை ஆசாரியன். போன அறுவடைத் திருநாளில், "தேவனுக்குள்ள கொழுப்பைத் தீயில போடாம பலிக் கறியைத் தொடாதே" என்று தடுத்த அவள் கணவன் யாசேரை, ஆள்விட்டு அடித்தே கொன்றவன்.

தலையில் சாம்பலோடு ஒருவன் கும்பிட வந்தான். இம்மேர் துள்ளிப் பின்வாங்கினான்.

"டேய், சாவு வீட்டுலேர்ந்தா வர்றே? தள்ளிப் போ! அந்தத் தீட்டு ஒட்டுச்சுன்னா என் அபிஷேகமே போச்சு!"

அப்புறம்தான் அவளைப் பார்த்தான்.

"அடடே, யாசேர் பொண்டாட்டி! கோபமெல்லாம் ஆறிடுச்சா?"

"வயிறுன்னு ஒண்ணு இருக்கே, ஆசாரியரே. உங்க தயவு வேணும்."

துணியை விலக்கினாள். ஒலிவ எண்ணெய் மினுங்கும் கோதுமை அப்பங்கள். அவன் நாக்கில் எச்சில் ஊறியது. கண்ணில் சந்தேகம் போகவில்லை.

"விஷம் கிஷம் வெச்சிருக்கியா? முதல்ல நீ தின்னு, பாப்போம்."

மாக்காள் ஒன்றைப் பிட்டு மென்று விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இம்மேரின் கை கூடைக்குள் பாய்ந்தது.

"பொறு இம்மேர்," குறுக்கே வந்தார் மூப்பர் செமாயா. "தேவனோட பங்கைத் தீயில போட வேணாமா?"

"படைச்சுட்டுத்தான் கொண்டுவந்தேன், ஐயா," என்றாள் மாக்காள் அவசரமாக.

"கேட்டீரா? படைச்சாச்சாம்!"

வாய் நிறைய அடைத்துக்கொண்டான் இம்மேர். "ஆறி அவலாப் போச்சு. ஆனாலும் ருசிதான். உன் புருஷனுக்கு இந்தப் புத்தி இருந்திருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்."

ஊரே பார்க்க, கடைசித் துண்டுவரை தின்று விரலை நக்கினான். தலையைக் குனிந்து காட்டினான். எண்ணெய்க் கொம்பு உயர்ந்தது.

செமாயாவின் புருவம் நெரிந்தது.

"நான் விடிஞ்சதுலேர்ந்து இங்கேதானே நிக்கிறேன். நீ இப்பதான் வர்றே. எந்தப் பீடத்துல படைச்சே, மகளே?"

மாக்காள் இம்மேரின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"பீடத்துல இல்லை, ஐயா. என் புருஷன் கல்லறையில."